சாரி கார்டு

கோட்டம் இன்னும் போகவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு விளிம்பை ஒட்டிச் சாக்பீஸைப் பிடிக்கிறேன். மற்ற இடமெல்லாம் தொடாமல் போகிறது, ஒரே ஒரு இடம் மட்டும் வந்து உரசி வெள்ளையாக ஒரு கோடு வாங்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்துக் கம்பிகளில் ஒரு பக்கத்தை இறுக்கி எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தினால் அங்கே சரியாகிவிடுகிறது, ஆனால் கோட்டம் எழுந்து நகர்ந்து வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாப்பிட்டு எழுந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பின் கீழ் இரண்டு ஸ்டூல்களைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றின் கால்களில் அச்சைத் தாங்க வைத்து, நடுவில் சக்கரம். ஆசீருடைய வண்டியின் பின்சக்கரம். எதிர்வீட்டு ஆசீர், செத்துப்போன ஆசீர், கல்யாணமே செய்துகொள்ளாத ஆசீர். ஒரு பெயருக்கு முன்னால் இத்தனை சொல்லிப் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. சக்கரத்தை மறுபடி சுற்றுகிறேன். கடல்காற்று சாய்ப்புக்குள் வந்து சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டு போகிறது. தூத்துக்குடியில் இரும்பு வைத்திருப்பவன் எல்லோரும் இந்தக் காற்றோடு வழக்கு நடத்துகிறவர்கள்தான், கடைசியில் காற்றுக்குத்தான் தீர்ப்பாகும். இந்த யெஸ்டி மோட்டார் சைக்கிளையும் அது பாதி தின்றுவிட்டிருந்தது. மீதியைத் தண்ணீர் லாரி பார்த்துக்கொண்டது. ஆசீர் செத்தபிறகு அவன் வீட்டுச் சுவரோரம் நின்ற வண்டி மேல், பின்னால் எடுத்த லாரி ஏறி இறங்கிவிட்டது. பெட்ரோல் டேங்க் மிதிபட்ட தகர டப்பா மாதிரி, பின்சக்கரம் எட்டு மாதிரி. பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு ஏற்றிவிடலாம் என்று ஆசீரின் தங்கை குளோரி சொன்னபோது, எனக்குக் கொடு என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. குளோரி கண்ணை இடுக்கிக்கொண்டு, “ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இது? சைக்கிள்லயே ஓரமா உருட்டிட்டுப் போற ஆளாச்சே நீங்க” என்றாள். சும்மா, பொழுது போகணும்ல என்றேன். மகளும் போனில் அதையேதான் கேட்டாள், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று. அவளுக்கும் பொழுது என்றுதான் சொன்னேன்.

பொழுது போவதற்கு என்றால் நூலகம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் மீதி எல்லாவற்றையும் அந்த நூலகத்தில்தான் படித்தேன், எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அங்கேதான் இப்போது படிக்கிறேன். ஆனால் இந்த வண்டியை நான் வாங்கியது அதற்காக இல்லை. இதன் சத்தத்துக்காக. என் மனைவி ராஜகனி அடுப்படியில் இருப்பாள். அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்தது. சாயங்காலம் ஆசீரின் வண்டி தெருமுனையில் திரும்பும்போது அந்த டக்கு டக்கு சத்தம் வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே அவள் தலை நிமிரும். தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் கை நிற்கும். மாவு கரைத்துக்கொண்டிருந்தால் விரல்கள் பாத்திரத்துக்குள் நிற்கும். அவ்வளவுதான். வண்டி எதிர்வீட்டில் போய் நின்று அடங்கியதும் கை மறுபடி ஓட ஆரம்பிக்கும். இது எல்லாப் பெண்களும் செய்வதுதான், தெருவில் ஒரு சத்தம் என்றால் தலை நிமிராதா. ஆனால் நான் சைக்கிளில் வருகிறவன். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. நான் வாசலில் வந்து நின்று செருப்பைக் கழற்றி உதறும்வரை அவளுக்கு நான் வந்தது தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றி முதல்முறை உதைத்தபோது, எத்தனையோ உதைக்குப் பிறகு அது இருமி, புகைவிட்டு, டக்கு டக்கு என்று பிடித்துக்கொண்டது. இந்த வண்டியில் உதைக்கிற கம்பியும் கியரும் ஒன்றே, உதைத்துவிட்டு அதே கம்பியை முன்பக்கம் சாய்த்தால் கியராகிவிடும், அதைக்கூடச் சாய்க்கத் தோன்றாமல் நான் திரும்பி அடுப்படி ஜன்னலைப் பார்த்தேன். சாய்ப்பிலிருந்து அது தெரியாது, சுவர்தான் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போய் நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது, அவன் போனது சென்ற வருஷம், எவள் தலை நிமிர்வதைப் பார்க்க நான் எவனுடைய வண்டியை உயிர்ப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

இதோ மறுபடி அதே இடம் உரசுகிறது. இல்லை, இது வேறு இடம். அவன் அவளை மைனி என்பான். என்னை அண்ணாச்சி என்பதால் அவளை மைனி. முறைப்படி சரிதான். ஆனால் மைனி என்ற சொல்லில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது, கொழுந்தன் முறைக்காரன் கேலி பேசலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. “மைனி, நேத்து ஒங்க வீட்டு மீன்கொழம்பு வாசம் எங்க வீட்டுக் கஞ்சிய அவமானப்படுத்திட்டு” என்று தெருவில் நின்று சத்தமாகச் சொல்வான். அவள் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள். திரும்ப அவள் அவனை என்னவென்று கூப்பிட்டாள்? இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தம்பி என்று கூப்பிட்டிருக்கலாம். பால்காரனைத் தம்பி என்பாள், போஸ்ட்மேனை அண்ணன் என்பாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனைக்கூட அண்ணே என்பாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்நிய ஆணோடு பேசுவதற்கு முன்னால் ஓர் உறவை எடுத்து நடுவில் வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். ஆசீருக்கு மட்டும் அவள் எதையும் வைக்கவில்லை. நேரே பார்த்தால், இந்தாங்க. பார்க்காதபோது, குளோரி அண்ணன். ஒரு மனிதனுக்கு எந்த உறவும் வைக்காமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை வேறு ஏதோ அங்கே இருக்கிறது என்று அர்த்தமா. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள், அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அதற்குப் பிறகு யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கம்பியை இறுக்கும்போது அது கிண்ணென்று சத்தம் கொடுக்க வேண்டும், எல்லாக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கிண்ணென்றால் சக்கரம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். தட்டிக்கொண்டே போகிறேன். ஒரு கம்பி மட்டும் மொத்தென்கிறது. அதை விட்டுவிட்டு நிமிர்ந்தால், வேண்டாம் என்று நினைத்தாலும், கண் மூலைக்குத்தான் போகிறது. மூலையில் அது கிடக்கிறது. சாரி கார்டும், அதோடு சேர்த்துப் பற்றவைத்த லேடீஸ் புட்ரெஸ்டும். வண்டியில் எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துருவைச் சுரண்டி, நெளிவெடுத்து, கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டேன், அதை மட்டும் தொடவில்லை. கழற்றிய அன்று மூலையில் போட்டது. லாரி ஏறியதில் கம்பி வளைந்து கிடக்கிறது, ஆனால் வெல்டு விடவில்லை. சாரி கார்டு என்றால் பின்னால் ஒரு பக்கமாக உட்காருகிற பெண்ணின் சேலை சக்கரத்துக்குள் போய்விடாமல் தடுக்கிற கம்பி. கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளை ஒர்க் ஷாப்புக்குப் போய் மாட்டிக்கொள்வது. கல்யாணமே ஆகாதவன் வண்டிக்கு எதற்கு? குளோரிக்கு என்று சொல்லலாம். ஆனால் குளோரி அப்போது டீச்சர் வேலைக்குப் பஸ்ஸில்தான் போனாள், அண்ணன் வண்டியில் ஏறினால் தலைவலி வருகிறது என்பாள், வேதக்கோயிலுக்கும் நடந்தே போவாள். அதோடு, அந்தப் புட்ரெஸ்ட் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கழற்றுவதற்கு முன் பார்த்துவைத்திருக்கிறேன். மற்ற வண்டிகளில் இருப்பதைவிட ஒரு சாண் கீழே இறக்கிப் பற்றவைத்திருக்கிறான். எதற்கு இறக்க வேண்டும்? கால் நீளமான பெண்ணுக்கு. குளோரி என் தோளுக்குக்கூட வரமாட்டாள். எங்கள் தெருவிலேயே உயரமானவள் ராஜகனி. கல்யாண போட்டோவில் என்னை ஒரு பலகை மேல் நிற்கவைத்துத்தான் எடுத்தார்கள். அதில் போட்டிருக்கிற ரப்பரும் தேய்ந்திருக்கிறது. ஒருநாள் இரண்டுநாள் கால் வைத்து இப்படித் தேயாது. அதுவும் குதிகால் படுகிற ஓரம் மட்டும் தேய்ந்து, உள்ளே இருக்கிற இரும்பு தெரிகிறது.

அதில் நானும் கால் வைத்திருக்கிறேன், அதுதான் வேடிக்கை. உப்புக் கம்பெனியில் எடை எழுதிக்கொண்டிருந்த காலம். அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து என் இடது தொடை முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்தபிறகு கால் மடங்கவில்லை, விறகு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலை மடக்கவைத்துக்கொண்டு வர வேண்டும். ஆட்டோவுக்குள் கால் நுழையாது. ஆசீர்தான் வந்து நின்றான், அண்ணாச்சி நான் கொண்டுபோய் விடுறேன் என்று. காலை விரித்து உட்கார முடியாததால் பெண்களைப் போல ஒரு பக்கமாக உட்கார்ந்து, வேட்டியை இடுக்கிக்கொண்டு, தெருவுக்கெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு போனேன். துண்டால் முகத்தை மூடிக்கொள்வேன். முதல்நாள் அவன் என்னைத் தூக்கி உட்காரவைத்ததும் என் குதிகால் தானாக எதன் மேலோ போய் நின்றது. குனிந்து பார்த்தால் லேடீஸ் புட்ரெஸ்ட். அதுவரை அவன் வண்டியை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இவன் யாரை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று அந்த நிமிஷம்தான் நினைத்தேன். நிமிர்ந்தால் ராஜகனி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையை அசைத்தான். அவளும் அசைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. வண்டி கிளம்பிவிட்டது. அந்த இரண்டு தலையசைப்புகளும் என் முதுகுக்குப் பின்னால் நடந்திருந்தால்கூட இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்காது. என் முகத்துக்கு முன்னாலேயே, நான் அங்கே இல்லாத மாதிரி, ஒரு மூட்டையை ஏற்றியாயிற்றா என்று இரண்டு பேர் கேட்டுக்கொள்வது மாதிரி. என்ன சொன்னாள் அதில்? நீ மாட்டியதில் இவரும் கால் வைத்துவிட்டார் என்றா? கவலைப்படாதே, இவர் ஒன்றும் கேட்க மாட்டார் என்றா? அந்த மழைக்காலம் முழுக்க அந்தப் புட்ரெஸ்டில் கால் வைத்துப் போய்வந்தேன், ஒவ்வொரு நாளும் அதில் ஏற்கெனவே ஒரு கால் இருந்தது போலவும் அதன் மேல் என் காலை வைப்பது போலவும் இருக்கும். அவன் முதுகு எனக்கு ஒரு முழத்துக்குள் இருந்தது. வியர்வையும் பவுடரும் பெட்ரோலும் கலந்த வாசம். அகலமான முதுகு. கால் சரியானது, நடந்தேன், வேலைக்குப் போனேன், சைக்கிளில் ஏறினேன். தலையசைப்பு மட்டும் சரியாகவில்லை. ஏன் அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் எனக்குள் யாரோ பதில் சொல்வதற்கு எழுந்து நிற்பார்கள். ராஜகனி செத்தபோது அவன் எங்கள் வாசலில் நாற்காலியை எடுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், காரியம் முடியும்வரை எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. இவன் எதற்கு என்னைவிட அதிகமாக அழுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் போனபிறகு எனக்கு வந்த முதல் எண்ணத்தைச் சொல்லவே கூசுகிறது, இருந்தாலும் அது வந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், நான் மட்டும் இங்கே. பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன், அவன் வேதக்காரன், கிறிஸ்தவன், அவர்கள் போகிற இடம் வேறு, நம் ஆட்கள் போகிற இடம் வேறு, நடுவில் ஏதாவது சுவர் இருக்கும்.

சக்கரம் சுற்றுகிறது. சாக்பீஸ் படவில்லை. மறுபடி சுற்றுகிறேன், படவில்லை. எப்படிச் சரியானது என்று எனக்கே தெரியவில்லை, எதையோ நினைத்துக்கொண்டு கை செய்திருக்கிறது. அச்சைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சட்டத்தில் பொருத்தி, நட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் கதவு திறந்தது. குளோரிதான் இப்படித் திறப்பாள், தட்டமாட்டாள். கையில் கிண்ணம், மேலே தட்டு மூடியிருந்தது.

“அண்ணாச்சி, இடியாப்பம். தேங்காப்பால் தனியா இருக்கு. மத்தியானம் என்ன சாப்ட்டிய, அதே ரசமா?” அவள் துவைக்கிற கல்லில் கிண்ணத்தை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். “அட, நிக்குதே! லாரி ஏறுன சவம்னுல்லா நெனச்சேன். எங்கண்ணன் பாத்தா எந்திரிச்சு வந்துருவான்.”

“வரட்டும்” என்றேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழம அண்ணனுக்கு வருச ஜெபம். ஞாபகம் இருக்குல்ல? ஆராதன முடிஞ்சதும் நீங்க என்னிய இதுல ஏத்திக் கல்லறத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போணும். அவன் வண்டியிலயே அவனப் பாக்கப் போணும்னு ஒரு ஆச. உசுரோட இருக்கும்போது ஏறுனா தலவலின்னு சொல்லுவேன். இப்பம் ஏறணும்போல இருக்கு.”

“எனக்கு ஓட்டத் தெரியாதே, குளோரி.”

அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். “ஓட்டத் தெரியாதா? பின்ன எதுக்கு இம்புட்டு மாசமா மண்ணெண்ணெய்ல குளிச்சிய?”

“செய்யத்தான் தெரியும்.”

“நல்லாருக்கு போங்க. சமைக்கத் தெரியும், திங்கத் தெரியாதுங்கற கதையால்ல இருக்கு.” சிரித்தாள். சிரித்துவிட்டு, “சரி, ஓட்டத் தெரிஞ்சவன் எவனாச்சும் சபையில இல்லாமலா போவான். ஆமா, சாரி கார்டு எங்க? அத ஏன் மாட்டல?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மூலையில் பார்த்துவிட்டாள். “அந்தா கெடக்கே! அது இல்லாம நான் எப்படி ஏற? சேல மாட்டி நான் நடுரோட்டுல உருண்டா, எங்க சபை ஐயரு, அண்ணன் ஜெபத்தோட என் அடக்கத்தையும் சேத்து முடிச்சிருவாரு.”

நட்டில் ஸ்பானர் வழுக்கியது. விரல் கணுவில் தோல் போனது. கேட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்யவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், எடுத்ததும் அது வந்துவிட்டது. “ஆசீர் அத யாருக்காக மாட்டினான்?”

“எத?”

“அதத்தான். கல்யாணம் ஆகாதவன் வண்டிக்கு அது எதுக்கு?”

குளோரி என்னைப் பார்த்தாள். விளையாடுகிறேனா என்று பார்த்தாள். “என்ன அண்ணாச்சி கேக்கிய? ஒங்களுக்குத்தான்.”

“எனக்கா?”

“பின்ன வேற யாருக்கு? காலு மடங்காம கெடந்தியல்லா. மைனி சொல்லலியா கடைசி வரைக்கும்? ஆமா, சொல்லிருக்க மாட்டா. ‘லேடீஸ் புட்ரெஸ்ட் தனக்குத்தான்னு ஒரு வார்த்த அவுக காதுல விழுந்தாப் போதும், செத்தாலும் வண்டில ஏற மாட்டாவ, நீயும் வாயத் தொறக்காத’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்குனா.” அவள் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். “நீங்க மாத்திரயப் போட்டுட்டுத் தூங்கிட்டிருந்திய. அளக்கக் கயிறு தேடிருக்கா, கெடைக்கல. பாவாட நாடாவ உருவி, ஒங்க தொடயிலருந்து குதிகால் வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டு, எங்க வீட்டுக்கு ஓடியாந்தா. ‘இந்த நீளத்துக்கு எறக்கி வைக்கச் சொல்லு ஒங்கண்ணன்ட்ட, காலு தொங்குனா வலிக்கும், வேட்டி சக்கரத்துல போயிரக்கூடாது’ன்னா. இவன் சும்மாருப்பானா? நாடாவத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, ‘மைனி, கல்யாணம் ஆகாத பய வண்டியில சாரி கார்டு மாட்டுனா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்’னு கேட்டான். ‘அவுக காலு சரியாவட்டும், நானே பொண்ணு பாக்கேன்’னா மைனி.”

விரலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன்.

“அவன் வாய் முகூர்த்தம்” என்றாள் குளோரி, குரல் இறங்கியிருந்தது. “நாசரேத்துலருந்து ஒரு சம்மந்தம் வந்துது. பொண்ணோட தாய்மாமன் முற்றத்துல நின்ன வண்டியப் பாத்தாரு. சாரி கார்டப் பாத்தாரு, ரப்பர் தேஞ்சு கெடக்கறதப் பாத்தாரு. காப்பியப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. இன்னாருக்காக மாட்டுனதுன்னு சொல்லுன்னேன். ‘எதுக்குச் சொல்லணும், அண்ணாச்சி காதுக்குப் போயிரும்’ன்னான். அப்பம் கழட்டித் தொலையேன்னேன். ‘அண்ணாச்சிக்கு இன்னும் கால் மடங்கலியே’ன்னான். பிறவு மடங்குச்சு. அவன் கழட்டல. எனக்கும் கேக்கத் தோணல.”

“அந்த நாடா என்ன ஆச்சு?” என்றேன்.

“எந்த நாடா?”

“அளந்த நாடா.”

“அதயெல்லாமா ஞாபகம் வச்சிருப்பாவ! என்ன ஆளு நீங்க.” எழுந்தாள். மூலைக்குப் போய்க் காலால் கம்பியைத் தள்ளிப் பார்த்தாள். “இத நெளிவெடுத்து மாட்டிருங்க. ஆனா கொஞ்சம் மேல ஏத்திப் பத்தவச்சிக் குடுங்க அண்ணாச்சி, எனக்குக் காலு எட்டாது. இடியாப்பத்த ஆறவிடாதிய.” கதவைச் சாத்தாமல் போனாள்.

வெயில் சாய்ப்பின் விளிம்பைவிட்டு இறங்கிக் கல்லின் மேல் கிடக்கிறது. சாரி கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். மரச்சுத்தியலால் வளைவைத் தட்டுகிறேன், கனமாக அடித்தால் வெல்டு விட்டுவிடும், மெல்லத்தான் தட்ட வேண்டும். கால் நீளமான பெண். ஒரு சாண். நீட்டிக்கொண்டு நின்ற கால் எங்கே போய் நிற்கும் என்று அந்த நூலகத்துப் புத்தகங்களை எல்லாம் படித்த மூளைக்கு ஒருநாளும் தோன்றவில்லையே. ரப்பரின் ஓரத்தில் குதிகால் பட்டுத் தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைக்கிறேன், சரியாகப் பொருந்துகிறது. நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று உள்ளே பார்க்கிறேன். அவள் கேட்டில் நின்று என் காலைப் பார்த்தாள், அளவு சரியா என்று அவனைக் கேட்டாள், சரி என்று அவன் சொன்னான். ஆனால் நாடா. நான் தூங்கும்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் தொடையில் ஒரு முனையை வைத்து, இன்னொரு முனையை என் குதிகாலுக்கு இழுத்து, நான் விழித்துவிடக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டிருக்கிறாள். நான் அதைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிக் குனிந்து பார்த்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது, பார்த்தபோது நான் தூங்கிவிட்டேன். அந்த நாடா அவன் கையில் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்திருக்கிறான், அவளும் சிரித்திருப்பாள், என் காலின் நீளம் அந்த இரண்டு பேர் சிரிப்புக்கும் நடுவில் தொங்கியிருக்கிறது. அவர்கள் என்னைப் பற்றிப் பேசினார்கள், எனக்காக ஒளித்தார்கள், எனக்காகச் சத்தியம் வாங்கினார்கள். அதில் நான் மட்டும் இல்லை. ஒரு ரகசியத்தைச் சேர்ந்து சுமக்கிறவர்களுக்கு நடுவில் என்ன இருக்கும்? தெருமுனையில் வண்டி திரும்பியதும் அவள் கை நின்றது என் கால் மடங்கியபிறகும்தானே? அதற்குக் குளோரியிடம் பதில் இல்லை. ஒருவேளை, இன்னும் கழற்றவில்லையே இந்தப் பிள்ளை, இதனால் இவனுக்கு ஒரு பெண் போய்விட்டாளே என்று நினைத்திருப்பாள். பெண் பார்க்கிறேன் என்று சொன்னவள்தானே. ஒருவேளை வேறேதாவது நினைத்திருப்பாள். உறவு எதுவும் வைக்காத அந்தக் காலி இடம் காலியாகவே இருக்கிறது. சக்கரத்தில் சரியாகிவிட்டது என்று நினைத்த கோட்டம் எழுந்து நகர்ந்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கம்பி நேராகிவிட்டது. துருவைச் சுரண்டவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்ப் பின்பக்கம் பழைய துளைகளில் போல்ட்டை நுழைத்து முறுக்குகிறேன். புட்ரெஸ்டை உயர்த்தப்போவதில்லை. குளோரிக்குக் கால் எட்டாவிட்டால் தொங்கட்டும், இல்லையென்றால் வேறு ஒன்று வாங்கி இதற்கு மேலே மாட்டிக்கொடுக்கிறேன். அவன் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட வாயைத் திறக்கவில்லை. என் காதுக்கு வந்துவிடுமே என்று ஒரு கல்யாணத்தையே விட்டிருக்கிறான். இப்படி ஒரு பொருளை ஒருவன் கொடுத்துவிட்டுப் போனால் திருப்பிக் கொடுப்பது எப்படி? அவனைவிட அதிகமாக நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று தேடுகிறேன். தேடுவதும் பொறாமைதான், தெரிகிறது, நிற்கவில்லை.

வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கிறது. இடியாப்பம் ஆறியிருக்கும். பின்வாசல் கதவு திறந்தே கிடக்கிறது, சந்தில் யாருமில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னிருக்கையில் ஒரு பக்கமாக ஏறி உட்காருகிறேன். வேட்டியை இடுக்கிக்கொள்கிறேன். இப்போது கால் நன்றாக மடங்குகிறது, புட்ரெஸ்ட் வெகு கீழே போய்விட்டது. பழையபடி முழங்காலை விறைப்பாக்கிக் காலை நீட்டுகிறேன், நீட்டியதும் குதிகால் தேடாமல் போய் அதன்மேல் நிற்கிறது. கேட் இருக்கிற திசையைப் பார்க்கிறேன், சுவர்தான் தெரிகிறது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளவில்லை. காற்று வருகிறது. பெட்ரோல் வாசம் இருக்கிறது, பவுடர் வாசம் இல்லை. பிடித்துக்கொள்ள முன்னால் கையை நீட்டுகிறேன். முன்னிருக்கை காலியாக இருக்கிறது.